நல்லவர்கள் ஏன் கூலியைக் குறைத்தார்கள்?

லண்டனின் யங் விக் அரங்கில் 2015 மே மாதம் 'வேர்ல்டு ஃபேக்டரி' என்றொரு நாடகம் நடந்தது. மெட்டிஸ் என்ற குழுவுக்காக ஸோயி ஸ்வெண்ட்சனும் சைமன் டாவும் உருவாக்கியது. பார்வையாளர்கள் இருட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதற்கு அதில் இடமில்லை. ஆறு பேர் வரை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒவ்வொரு மேசையும் சீனாவில் இயங்கும் ஒரு சிறிய ஆடைத் தொழிற்சாலை. உட்கார்ந்திருப்பவர்கள் அதன் நிர்வாகிகள். கையில் விளையாட்டுப் பணம், எதிரே தங்களிடம் வேலை செய்யும் தொழிலாளர்களின் பட்டியல். நடிகர்கள் மேசை மேசையாக வந்து அட்டைகளைப் போடுவார்கள். அட்டையில் ஒரு சிக்கல் இருக்கும், அதிலிருந்து வெளியேற வழிகளும் இருக்கும். எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அடுத்த அட்டை வரும். அவர்கள் முன் விழுந்த அட்டைகளில் ஒன்று: பணம் போதவில்லை, ஆட்களில் மூன்றில் ஒரு பங்கினரை நிறுத்துவதா, கூலியில் மூன்றில் ஒரு பங்கைக் குறைப்பதா?

இப்படியொரு நாடகத்துக்குக் காசு கொடுத்து வருபவர்கள் யாராக இருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. படித்தவர்கள், உலக நியாயத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்கள், குறைந்த கூலிக்குத் தைத்த சட்டை என்றால் முகம் சுளிப்பவர்கள். அவர்கள் என்ன செய்தார்கள்? பத்திரிகையாளர் பால் மேசன் ஒரு மாலை அந்த மேசைகளில் ஒன்றில் உட்கார்ந்துவிட்டு 'கார்டியன்' இதழில் எழுதினார். அவருடைய மேசை கூலியைக் குறைத்தது. அவர் மேசை மட்டும் அப்படி நடந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு காட்சியிலும் ஒவ்வொரு குழுவும் எடுத்த முடிவுகளை அரங்கத்தினர் பதிவுசெய்து வந்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, எந்த இரவாக இருந்தாலும் பார்வையாளர்கள் அறத்திலிருந்து விலகிப் பணத்தின் பக்கமே நகர்ந்திருந்தார்கள். ஒருமுறை குறைத்த கூலியை மறுபடி உயர்த்த வாய்ப்புக் கிடைத்தபோதும் பெரும்பாலோர் உயர்த்தவில்லை. விடாமல் நியாயமாகவே முடிவெடுப்பவர்கள் மட்டும் போய்ச் சேரக்கூடிய ஒரு பாதை ஆட்டத்துக்குள் உண்டு. அதில் நடந்தவர்கள் மிகச் சிலரே. ஸ்வெண்ட்சன் இதற்குச் சொன்ன விளக்கம் கவனிக்கத்தக்கது: லாப ஆசை மட்டும் காரணமல்ல, எப்படியாவது தாக்குப்பிடிக்க வேண்டுமே என்ற முன்ஜாக்கிரதைதான் அவர்களை அந்தப் பக்கம் தள்ளியது என்றார் அவர்.

அந்த விளக்கத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 'நியாயமான ஆடை' என்ற பேச்சு பெரும்பாலும் ஒரே ஒருவரைப் பார்த்துத்தான் பேசுகிறது. அவர் கடையில் நிற்கும் வாடிக்கையாளர். உன் சட்டையைத் தைத்தவளின் முகத்தைப் பார், மனம் மாறு, வேறு சட்டை வாங்கு என்பதே அதன் சாரம். 2015-இல் ஃபேஷன் ரெவல்யூஷன் இயக்கம் பெர்லினின் அலெக்ஸாண்டர்பிளாட்ஸ் சதுக்கத்தில் ஒரு தானியங்கி விற்பனைப் பெட்டியை வைத்தது. 2 யூரோவுக்கு ஒரு டீ-ஷர்ட். காசைப் போட்டதும் சட்டை வராது. தையல் தொழிலாளர்களின் நிலையைக் காட்டும் ஒரு குறும்படம் ஓடும். பிறகு, சட்டை வேண்டுமா, அந்தக் காசை நன்கொடையாகத் தருகிறீர்களா என்று பெட்டி கேட்கும். இதைப் படம்பிடித்து வெளியிட்ட காணொளியில் மனிதர்கள் திகைக்கிறார்கள், நெகிழ்கிறார்கள், நன்கொடைப் பொத்தானை அழுத்துகிறார்கள். அதுவும் ஒருவகைப் பங்கேற்பு நாடகம்தான். ஆனால் நல்லவராக இருப்பதற்கு அங்கே கொடுக்க வேண்டிய விலை 2 யூரோ. அதோடு கதை முடிந்துவிடுகிறது. நெகிழ்ந்தவர் அடுத்த மாதம் எங்கே துணி வாங்கினார் என்று பெட்டிக்குத் தெரியாது. 'வேர்ல்டு ஃபேக்டரி' அதே மனிதரை வேறு நாற்காலியில் உட்கார்த்தி, முடிவுக்குமேல் முடிவாக எடுக்கவைத்தது. அப்போது தெரியவந்தது இதுதான்: நல்ல மனம் அந்த நாற்காலியில் தாங்கவில்லை. ஆடைத் துறையில் நுகர்வோரின் பொறுப்பு என்ன என்று யோசிக்க, பெட்டி தந்த ஆறுதலைவிட மேசை தந்த தோல்வியே உதவும்.

நாற்காலியில் அப்படி என்ன இருக்கிறது? கிளீன் கிளோத்ஸ் கேம்பெய்ன் அமைப்பு வெளியிட்ட ஒரு விலைப் பிரிப்பைப் பார்க்கலாம். ஐரோப்பியக் கடையில் 29 யூரோவுக்கு விற்கும் டீ-ஷர்ட்டில் ஏறத்தாழ 17 யூரோ கடையின் பங்கு. பிராண்டின் லாபம் 3.61 யூரோ. தொழிற்சாலை முதலாளிக்கு 1.15. தைத்தவருக்கு 0.18 யூரோ, அதாவது விலையில் 0.6 சதவீதம். இதைப் படிக்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது, அந்த 18 சென்ட்டை இரட்டிப்பாக்கினால் யாருக்கு என்ன குறைந்துவிடும் என்ற கேள்விதான். வாங்குபவருக்கு ஒன்றும் குறையாது, உண்மை. ஆனால் கூலி கொடுக்கும் கை வாங்குபவருடையது அல்ல, 1.15 யூரோவில் நிற்கும் முதலாளியுடையது. அவர் கூலியை இரட்டிப்பாக்கினால் அவருடைய லாபத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு போய்விடும். விலையை உயர்த்திக் கேட்டால், ஆர்டர் தரும் பையர் அடுத்த தெருவுக்கோ அடுத்த நாட்டுக்கோ போய்விடுவார். திருப்பூரில் காஸ்டிங் (அடக்கவிலைக் கணக்கு) போட்டுப் பார்த்த எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பணம் எங்கே இருக்கிறதோ அங்கே கூலியைத் தீர்மானிக்கும் கடமை இல்லை. கடமை இருக்கும் இடத்தில் பணம் இல்லை. இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு நல்லவரைக் கொண்டுபோய் உட்காரவைத்தால் அவர் முன்ஜாக்கிரதைக்காரராகிறார். நாடகம் காட்டியது அதைத்தான்.

2020 மார்ச் இதற்குக் கொடூரமான சான்று தந்தது. கொரோனாவால் மேற்கத்தியக் கடைகள் மூடியதும், தைத்து முடித்த சரக்குக்கும் தைத்துக்கொண்டிருந்த சரக்குக்கும் சேர்த்து ஆர்டர்கள் ரத்தாயின. பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மார்க் ஆனர் அந்த மாதமே வங்கதேச ஏற்றுமதியாளர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார். ஆர்டரை ரத்துசெய்தபோது, தொழிற்சாலை ஏற்கெனவே வாங்கிவிட்ட துணிக்கும் மற்ற மூலப்பொருளுக்கும் பணம் தர மறுத்த பையர்கள் 72.1 சதவீதம். வெட்டித் தைத்த செலவைத் தர மறுத்தவர்கள் 91.3 சதவீதம். இவர்களில் பலர் தங்கள் இணையதளத்தில் நன்னடத்தை விதிகளைப் பக்கம் பக்கமாக வைத்திருப்பவர்கள். விதிகளை எழுதியவர்கள் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. நெருக்கடி வந்தபோது அந்த விதிகளால் அவர்களைக் கட்டிப்போட முடியவில்லை என்பதே செய்தி. லண்டன் மேசைக்கு விழுந்த அட்டை உண்மையில் எந்த அலுவலகத்திலிருந்து புறப்படுகிறது என்பதையும் இது காட்டிவிடுகிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். வாங்குபவர்களின் மனசாட்சியை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிடலாமா? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு கடையில் சமூகவியலாளர்கள் செய்த சோதனை இந்த மறுப்புக்குத் துணை நிற்கிறது. ஒரே மாதிரியான காலுறைகளை இரண்டு அடுக்கில் வைத்தார்கள். ஓர் அடுக்கில் மட்டும் 'நல்ல பணிச்சூழலில் தயாரானது' என்று எழுதிவைத்து, அதன் விலையைப் படிப்படியாக உயர்த்தினார்கள். வாங்கியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருந்தார். உழைக்கும் மக்கள் அதிகம் வாழும் ஊரில் நடந்த சோதனை என்பதால் இது அலட்சியப்படுத்தக்கூடிய விகிதமல்ல. மனசாட்சி இருக்கிறது. ஆனால் அந்தக் காசு கொடுத்தவர் வாங்கியது காலுறையோடு சேர்ந்த ஒரு வாக்குறுதி. அந்த வாக்குறுதி மெய்யா என்று கடையில் நின்றுகொண்டு அவரால் சோதிக்க முடியாது. கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் தொழிற்சாலைக்கு 2012 ஆகஸ்டில் எஸ்ஏ 8000 என்ற சர்வதேசச் சான்றிதழ் கிடைத்தது. தொழிலாளர் நலத்துக்கு மதிப்பு மிக்கதாகக் கருதப்பட்ட சான்றிதழ் அது. சில வாரங்களில், செப்டம்பர் 11 அன்று, அங்கே தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சான்றிதழை நம்பிக் கூடுதல் விலை கொடுக்கும் நான்கில் ஒருவர் ஏமாளி அல்ல. அவர் கையில் கொடுக்கப்பட்ட கருவி அவ்வளவுதான்.

இன்னொரு மறுப்பு நாடகத்தின் மீதே வரும். அட்டைகளை எழுதியவர்கள் முடிவையும் எழுதிவிட்டார்கள், மூன்றில் ஒரு பங்கு ஆட்களா கூலியா என்று இரண்டே வாசல் வைத்துவிட்டு மனிதர்கள் சுயநலக்காரர்கள் என்று நிரூபிப்பது கண்கட்டு வித்தை என்பார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. எந்த ஆட்டமும் அதைச் செய்தவரின் கருத்தைச் சுமந்தே வரும். ஆயினும் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். நியாயமாக நடப்பதற்கான பாதை ஆட்டத்திலிருந்து நீக்கப்படவில்லை. திறந்துதான் இருந்தது, ஆள் வரவில்லை. அடுத்து, நடந்ததை மனித சுபாவத்தைப் பற்றிய தீர்ப்பாக வாசிப்பதுதான் தவறு. அதே மனிதர்கள் பெர்லின் பெட்டியின் முன் நின்றிருந்தால் தயங்காமல் நன்கொடை கொடுத்திருப்பார்கள். ஒருவரின் குணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இடம் மாறியதும் செயல் மாறியது. ஆட்டத்தின் பயனே அந்த வேறுபாட்டைக் கண்முன் கொண்டுவருவதில் இருக்கிறது. ஓர் ஆய்வுக் கட்டுரையும் இதைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் கட்டுரையைப் படித்தவர், 'நானாக இருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன்' என்று சொல்லிக்கொள்ள முடியும். மேசையிலிருந்து எழுந்தவரால் முடியாது.

மூன்றாவது மறுப்புக்குத்தான் என்னிடம் முழுமையான பதில் இல்லை. அந்த மேசையில் தொழிலாளி எங்கே? பட்டியலில் ஒரு பெயர், அவ்வளவே. நீக்குவதற்கும் வைத்திருப்பதற்கும் உரிய பொருளாகத்தான் அவள் அங்கே வருகிறாள். ஷாங்காயின் கிராஸ் ஸ்டேஜ் குழுவைச் சேர்ந்த இயக்குநர் ஜாவ் சுவானோடு உரையாடி உருவான படைப்பு இது என்றாலும், லண்டன் மாலையில் முடிவெடுத்தவர்கள் லண்டன்காரர்கள். இதற்கு நேர்மாறான முன்னுதாரணம் ஒன்று உண்டு. 1937-இல் நியூயார்க்கில், பெண்கள் ஆடைத் தொழிலாளர்களின் சர்வதேசச் சங்கம் 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்ற இசை நாடகத்தை நடத்தியது. நடித்தவர்கள் தைப்பவர்கள், வெட்டுபவர்கள். வேலை முடிந்த பிறகு ஒத்திகை பார்த்தார்கள். நாடகம் 1,108 முறை நடந்தது. வெள்ளை மாளிகைக்கும் அழைக்கப்பட்டது. பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால் இந்தச் சிக்கலை இன்னும் ஆழமாக உணர்ந்தவர். நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று மேடையில் பாடிய தன் குழுவிடம், சரி வாருங்கள், துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போவோம் என்று ஒரு விவசாயி அழைத்ததையும், துப்பாக்கிகள் வெறும் மேடைப் பொருள்கள் என்று தாங்கள் ஒப்புக்கொள்ள நேர்ந்ததையும் அவரே எழுதியிருக்கிறார். தாங்கள் செய்யத் துணியாததைப் பிறருக்கு உபதேசிப்பதில்லை என்ற முடிவிலிருந்துதான், ஒடுக்கப்பட்டவர்களே மேடையேறித் தங்கள் சிக்கலுக்கு வழி தேடும் ஃபோரம் தியேட்டர் முறைக்கு அவர் வந்து சேர்ந்தார். மேற்கு வங்கத்தில் 1985-இல் சஞ்சய் கங்குலி தொடங்கிய ஜன சம்ஸ்கிருதி அந்த முறையைக் கிராமங்களில் வேரூன்ற வைத்தது. ஆகவே 'வேர்ல்டு ஃபேக்டரி' தொழிலாளியின் நாடகம் அல்ல. பொருளை வாங்கும் சமூகம் தன்னையே சோதித்துப் பார்க்கும் நாடகம். அதற்கு மேல் அதனிடம் கேட்பது அநியாயம். அதோடு நின்றுவிடுவது போதாது.

நுகர்வோரின் மனசாட்சி பலவீனமான கருவி என்றால், அவருக்குப் பொறுப்பே இல்லை என்றாகிவிடாதா என்று கேட்கலாம். அமைப்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு மாதம் நான்கு உடுப்பு வாங்கிக் குவிப்பவர்களை நாமறிவோம். மலிவாகவும் உடனடியாகவும் வேண்டும் என்ற அவசரம் கடைசியில் ஓவர்டைமாக ஒரு பெண்ணின் முதுகில் இறங்குகிறது என்பதும் மெய். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஐரிஸ் மரியன் யங் இந்த இடத்தில் ஒரு பயனுள்ள பிரிப்பைச் செய்தார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே ஆடைத் தொழிற்சாலைகள்தான். ஒரு தீங்குக்குக் குற்றவாளி யார் என்று தேடுவது ஒருவகைப் பொறுப்பு. அந்தத் தீங்கை விளைவிக்கும் அமைப்போடு நம் அன்றாடச் செயல்களால் இணைந்திருப்பதால் வருவது வேறொரு வகை. இரண்டாவது வகைப் பொறுப்பைத் தனியாக நின்று நிறைவேற்ற முடியாது. பிறரோடு சேர்ந்து அந்த அமைப்பை மாற்ற முயல்வதே அதை நிறைவேற்றும் வழி. இதன்படி பார்த்தால் நுகர்வோரின் சுமை குறைவதில்லை, கூடுகிறது. வேறு சட்டை வாங்குவது எளிது. சட்டம் கேட்பது, தொழிற்சங்கத்துக்கு ஆதரவாக நிற்பது, நிறுவனத்தைப் பொதுவெளியில் கேள்வி கேட்பது எல்லாம் நேரம் பிடிப்பவை, அலுப்பூட்டுபவை. 2020-இல் ரத்தான ஆர்டர்களுக்குப் பணம் தரச்சொல்லி 'பே அப்' என்ற கோரிக்கை இயக்கம் கிளம்பியது. பல பெரிய நிறுவனங்கள் பணம் தர ஒப்புக்கொண்டன. ஒருவரும் சட்டையை மாற்றி வாங்கி அதைச் சாதிக்கவில்லை.

ஆடைத் துறையில் உண்மையாகவே ஏதாவது மாறிய இடங்களை எடுத்துப் பார்த்தால், அங்கெல்லாம் எல்லா மேசைகளையும் ஒருசேரக் கட்டும் ஒரு விதி வந்திருக்கும். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே சவாரில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. மேல்தளங்களில் இருந்த தையல்காரர்கள் மட்டும் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். அடுத்த மாதம் உருவான வங்கதேசத் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கை, பிராண்டுகளையும் உலகத் தொழிற்சங்கங்களையும் சட்டப்படி பிணைத்தது. 200-க்கும் மேற்பட்ட பிராண்டுகள் கையெழுத்திட்டன. கையெழுத்திட்டுவிட்டு இழுத்தடித்த இரண்டு பிராண்டுகளைத் தொழிற்சங்கங்கள் ஹேக் நகரின் நடுவர் மன்றத்துக்கு இழுத்தன. அவற்றில் ஒன்று 2018-இல் 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு முடித்துக்கொண்டது. சான்றிதழால் நடக்காதது ஒப்பந்தத்தால் நடந்தது.

நம் பக்கத்து உதாரணம் இன்னும் தெளிவானது. 2024–25-இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்த திருப்பூர், நொய்யல் ஆற்றை நீண்டகாலம் சாயக்கழிவு ஓடையாக வைத்திருந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. திருப்பூரில் தைத்த பனியனைப் போட்ட ஐரோப்பியரில் எத்தனை பேர் ஆர்கானிக் பருத்தியைத் தேடி வாங்கியவர்களோ தெரியாது, நொய்யலுக்கு அதனால் ஒன்றும் விடியவில்லை. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத முறை கட்டாயமானது. ஒரு பட்டறைக்காரர் மட்டும் நல்லவராகிச் சுத்திகரித்திருந்தால் தொழிலை இழந்திருப்பார். எல்லோருக்கும் ஒரே விதி வந்தபோது ஊரே அந்தச் செலவைச் சுமந்தது. விதி இல்லாத ஊர்களுக்குச் சாய வேலை போய்விடுகிறது என்ற திருப்பூர்க்காரர்களின் மனக்குறையும் நியாயமானதே. விதி எட்டும் தூரம் வரைதான் அதன் பலன் எட்டும். எனவே கையெழுத்துப் போட வேண்டியவர்கள் வரிசையில் பையரும் இருக்க வேண்டும். திண்டுக்கல் ஒப்பந்தம் அந்த வகையில் முக்கியமானது. 2021 ஜனவரியில் ஓர் இளம் தலித் பெண் தொழிலாளி தன் மேற்பார்வையாளரால் கொல்லப்பட்ட பிறகு, தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியனும் அதன் தோழமை அமைப்புகளும் போராடி, 2022-இல் ஆலை நிர்வாகத்தையும் எச் அண்டு எம், கேப், பிவிஹெச் ஆகிய நிறுவனங்களையும் பாலியல் வன்முறைக்கு எதிரான உடன்படிக்கைக்குள் கொண்டுவந்தன. விதி மீறப்பட்டால் பையர் தன் வணிகத்தைக் கொண்டே ஆலையை நெருக்க வேண்டும் என்பது அதன் பலம். இந்தச் செய்தியை நம் பத்திரிகைகள் இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

இதில் நாடகத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்குப் போவாலின் பிற்காலம் பதில் சொல்லும். 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனிரோ நகர மன்ற உறுப்பினராக இருந்த அவர், குடியிருப்புகளிலும் சங்கங்களிலும் ஃபோரம் நாடகங்களை நடத்தி, பார்வையாளர்கள் மேடையேறிச் சொன்ன யோசனைகளைச் சட்ட முன்வரைவுகளாக்கினார். 13 சட்டங்கள் நிறைவேறின. பெரிய எண்ணிக்கை அல்ல. ஆனால் மேடையில் கிடைத்த விடை அரங்கத்தின் வாசலைத் தாண்டி எங்கே போக வேண்டும் என்பதை அது ஏற்பாடு செய்துவைத்திருந்தது. பெர்லின் பெட்டியிலும் லண்டன் மேசையிலும் இல்லாதது அதுதான்.

'வேர்ல்டு ஃபேக்டரி' ஆட்டம் 2017-இல் நூலாகவும் வந்துவிட்டது; யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். 1984 முதல் வீதி நாடகம் போடும் சென்னைக் கலைக் குழு போன்ற குழுக்களுக்கும், ஜவுளித் தொழில்நுட்பம் கற்பிக்கும் கல்லூரிகளின் நாடக மன்றங்களுக்கும் இதைத் தமிழில் செய்து பார்க்கும் திறன் உண்டு. அட்டைகளை மாற்ற வேண்டும்: பீஸ் ரேட், விடுதியில் தங்கிய பெண்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த ஆட்கள், ஷிப்மென்ட் தாமதமானால் யார் காசில் விமானத்தில் அனுப்புவது என்ற சண்டை. பையருக்கென்று ஒரு மேசை போட்டு, 29 யூரோவின் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி அதன்மேல் விரித்துவைக்கலாம். தையல் மெஷினில் உட்காருபவர்கள் ஒரு மேசைக்கு ஒருவராவது இருக்க வேண்டும், பட்டியலில் பெயராக அல்ல, வாக்குள்ளவராக. விதிமுறைத் தாளில் ஒரு வரியும் சேர்க்க வேண்டும்: எந்த நேரத்திலும், யாரிடமும் அனுமதி கேட்காமல், ஒரு மேசையிலிருப்பவர்கள் எழுந்து அடுத்த மேசைக்குப் போய், நாம் இரண்டு பேரும் இந்தக் கூலிக்குக் கீழே போவதில்லை என்று பேசி முடிவு செய்துகொள்ளலாம்.